மாரியில் வெளியே, கச்சானில் உள்ளே

கார்த்திகை பிறந்ததும் மட்டக்களப்பில் காலையில் ஓடுகிற கூட்டம் கரையத் தொடங்கிவிடும். ஐப்பசி வரை கல்லடிப் பாலத்தில் தோள் உரச நடந்தவர்கள், கடற்கரை வீதியில் கை வீசிப் போனவர்கள், வெபர் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தவர்கள் எல்லோரும் எங்கே போய் ஒளிந்தார்கள் என்று தெரியாது. பாதிப் பேர் போர்வைக்குள் இருப்பார்கள். மீதிப் பேரில் சந்தா கட்ட வசதி உள்ளவர்கள் உடற்பயிற்சி நிலையத்தில் ட்ரெட்மில்லுக்கு முறை வைத்துக் காத்திருப்பார்கள். தை கழிந்து வானம் வெளுத்த பிறகுதான் மறுபடியும் முகங்கள் தெரியும்.

என் கட்சி வேறு. எங்கள் ஊரில் வெளியே ஓடுவதற்கு மாரியை மிஞ்சிய காலம் இல்லை. கூரைக்குக் கீழே போக வேண்டிய காலம் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அது வைகாசி முதல் ஆவணி வரை, கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்கள். இதைச் சொன்னால் வீட்டிலும் ஒத்துக்கொள்வதில்லை, அலுவலகத்திலும் ஒத்துக்கொள்வதில்லை. ஆகவே எழுதியே வைத்துவிடுகிறேன்.

வடகீழ்ப் பருவக்காற்று எங்களுக்குக் கொண்டுவருவது முதலில் மழை. ஆண்டு மழையின் பெரும்பகுதி நவம்பர், டிசம்பர், ஜனவரி மூன்று மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். குளிர் என்று பார்த்தால் விடியற்காலையில் வெப்பநிலை 23, 24 பாகை செல்சியசுக்கு இறங்கும். அவ்வளவுதான். அதற்கே சைக்கிளில் மீன் கொண்டுபோகிறவர்கள் தலையில் துவாயைச் சுற்றிக்கொள்வார்கள். எங்கள் அலுவலகத்தில் ஒருவர் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, மின்விசிறியை நிறுத்தச் சொல்லிச் சண்டை பிடிப்பார்.

ஆனால் ஓடுகிற உடம்புக்குக் கணக்கு வேறு. தசைகள் எரிக்கிற சக்தியில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு வெப்பமாகவே வெளியேறுகிறது. ஓடுவதற்குப் பயன்படுவது எஞ்சிய சொற்பம்தான். அந்த வெப்பத்தை எப்படியாவது வெளியே தள்ளாவிட்டால் கால் எவ்வளவு பழகியிருந்தாலும் வேகம் விழுந்துவிடும். நெடுந்தூர ஓட்டத்துக்கு 10 பாகையை ஒட்டிய குளிர்ச்சிதான் உகந்தது என்பது மரதன் ஓடுகிறவர்கள் எல்லோரும் அறிந்தது. மட்டக்களப்பில் 10 பாகை வேண்டுமென்றால் குளிர்சாதனப் பெட்டியைத்தான் திறக்க வேண்டும். எங்களுக்கு இயற்கை தரக்கூடிய ஆகக் குறைந்த சூடு மாரி விடியலில்தான் கிடைக்கிறது. அதோடு தூறலும் சேர்ந்தால் வியர்வை செய்ய வேண்டிய வேலையில் பாதியை மழைத்தண்ணீரே செய்து முடித்துவிடும். எங்கள் காற்றில் இருக்கிற ஈரப்பதத்தில் வியர்வை ஆவியாவதே குறைவு. வெறுமனே சொட்டிக்கொண்டிருக்கும். மழைத்தண்ணீர் தோலில் வழியும்போது சூட்டை இழுத்துக்கொண்டு போகிறது.

கச்சானில் நிலைமை தலைகீழ். தென்மேற்கிலிருந்து வரும் காற்று மலைநாட்டின் அந்தப் பக்கத்திலேயே மழையைக் கொட்டிவிட்டு, வறண்டுபோய், இறங்க இறங்கச் சூடேறி எங்களிடம் வருகிறது. ஆடியில் பகல் 34, 35 பாகை சாதாரணம். காலை ஏழு மணிக்கே தார் வீதி வெக்கை விடும். இரவில்கூட வீட்டுச் சுவர் சுடும். அந்த மாதங்களில் தைரியமாக வெளியே ஓடிவிட்டு, மார்கழியில் நான்கு துளி விழுந்ததும் உள்ளே ஓடுகிற எங்கள் ஊர் வழக்கம் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ரொறன்ரோவில் இருக்கும் தம்பிக்கு இந்த விவாதம் ஒரு வேடிக்கை. அவனும் ஓடுகிறவன். "அக்கா, 24 பாகையில் கூதல் என்று சொல்லுகிற ஆட்கள் உலகத்திலேயே நீங்கள் மட்டும்தான்" என்பான். அவனுடைய ஜனவரியில் சூரியன் எட்டு மணியை ஒட்டித்தான் எழும்பும். வெப்பமானி மைனஸ் 15 காட்டுகிற நாளில் மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் காற்றும் அடித்தால், தோலுக்கு அது மைனஸ் 26 போல உறைக்குமாம். இதைக் கணக்கிடக் கனடாவும் அமெரிக்காவும் 2001 முதல் ஒரே சூத்திரத்தைப் பயன்படுத்துகின்றன. வானிலை அறிக்கையில் வெப்பநிலைக்குப் பக்கத்தில் அந்த எண்ணும் வரும். மைனஸ் 28க்குக் கீழே போனால், மூடாத தோல் பத்து முதல் முப்பது நிமிடத்துக்குள் உறைந்து கெட்டுப்போகலாம் என்று எச்சரிப்பார்கள். மூக்கு நுனி, காது மடல், விரல்கள் முதலில் பலியாகும். ஆகவே அவன் முடிவெடுப்பது எளிது. கைத்தொலைபேசியைப் பார்ப்பான். எண் ஒரு கோட்டைத் தாண்டியிருந்தால் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் இருக்கும் ட்ரெட்மில்லுக்குப் போவான். தாண்டாவிட்டால் கையுறை, தொப்பி, மூன்று அடுக்கு உடுப்போடு வீதிக்கு இறங்குவான்.

குளிரைவிட அவனுக்குப் பயம் தரையைப் பார்த்துத்தான். பகலில் உருகிய பனி இரவில் மறுபடி உறைந்து, தார் வீதியில் கண்ணுக்கே தெரியாத கண்ணாடிப் படலமாகக் கிடக்கும். "குளிருக்கு உடுப்பு இருக்கிறது அக்கா, வழுக்கினால் எதைப் போடுவது?" என்று கேட்டான். இந்தப் பேச்சைக் கேட்ட பிறகுதான் நானும் வானத்தைப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டு வீதியைப் பார்க்கத் தொடங்கினேன். எங்களுக்கும் ஆபத்து மேலே இருப்பதைவிடக் கீழேதான் அதிகம்.

அவனிடமிருந்து எடுத்துக்கொண்ட இன்னொரு பழக்கம், காற்றை எதிர்த்துப் புறப்பட்டு, காற்றை முதுகில் வாங்கித் திரும்புவது. அங்கே அதற்குக் காரணம் உயிர் சம்பந்தப்பட்டது. வியர்த்த உடம்போடு எதிர்காற்றில் திரும்பினால் உடற்சூடு மளமளவென்று இறங்கிவிடும். இங்கே அவ்வளவு தூரம் போகாது. ஆனாலும் நாவற்குடாவிலிருந்து கல்லடிப் பக்கமாகப் போகும்போது வாடை நெற்றியிலும் வலத் தோளிலும் அறையும். பாலத்தில் ஏறிவிட்டால் இரண்டு பக்கமும் வாவி, மறைப்பு எதுவும் இல்லை. மழைத்துளி ஊசியாகக் குத்தும். களைத்துப்போய்த் திரும்பும் நேரத்தில் இதே காற்று தள்ளிவிட்டால் அதைவிடச் சுகம் கிடையாது. 1924இல் திறந்த பழைய லேடி மன்னிங் பாலம் இன்னும் நிற்கிறது. 2013இல் பக்கத்தில் புதிய பாலம் வந்த பிறகு பெரிய வாகனங்கள் அதில் போகின்றன. ஆகவே பழைய பாலத்தில் மாரிக் காலையில் நானும் இரண்டு மூன்று தூண்டில்காரர்களும்தான். பாலம் என்றதும், வாவியில் மீன்கள் பாடும் என்று சொல்வார்களே, அது கேட்குமா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எனக்குக் கேட்பது என் சப்பாத்துக்குள் தண்ணீர் சளக் சளக் என்று அடிக்கும் சத்தம்தான்.

நனைந்தால் காய்ச்சல் வரும் என்பது அம்மாவின் முதல் வாதம். தடிமனும் காய்ச்சலும் கிருமிகளால் வருகின்றன, மழைத்தண்ணீரால் வருவதில்லை என்று நான் சொல்வேன். மழைக்காலத்தில் எல்லோரும் கதவு யன்னலைப் பூட்டிக்கொண்டு ஒரே அறைக்குள் அடைந்து கிடப்பதால்தான் ஒருவருடைய தடிமன் எல்லோருக்கும் போகிறது என்றும் சொல்வேன். அம்மா அசைய மாட்டார். ஓடி முடித்த பிறகு ஈர உடுப்போடு நின்று கதைத்துக்கொண்டிருக்காதே என்பதில் மட்டும் நாங்கள் இருவரும் ஒரே பக்கம். ஓடும்வரை உடம்பு அடுப்பு மாதிரி எரியும். நின்ற பிறகுதான் கூதல் பிடிக்கும். ஆகவே வந்ததும் நேரே கிணற்றடி, பிறகு கொத்தமல்லித் தண்ணீர். கொத்தமல்லி எந்தக் கிருமியைக் கொல்லும் என்று நான் கேட்பதில்லை. அதை விட்டுக்கொடுத்ததால்தான் மழையில் ஓட அனுமதி கிடைத்தது.

உண்மையில் பயப்பட வேண்டிய நோய் எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் காலில் இருக்கும் சிறு வெடிப்பு வழியாக உள்ளே போனால் போதும். வயலில் இறங்குகிறவர்களுக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் தடுப்பு மாத்திரை கொடுப்பது இதற்காகத்தான். வீதியில் ஓடுகிறவர்களை அந்தப் பட்டியலில் யாரும் சேர்ப்பதில்லை, ஆனால் ஒழுங்கைகளில் நாள்கணக்காகத் தேங்கி நிற்கும் தண்ணீரும் வயல் தண்ணீரும் கிருமிக்கு ஒன்றுதான். சப்பாத்து உரசிக் குதிக்கால் தோல் உரிந்திருக்கும் நாளில் நான் தேங்கிய தண்ணீருக்குள் கால் வைப்பதே இல்லை. அந்த நாள்களில் ட்ரெட்மில்லுக்குப் போவதில் எனக்கு வெட்கமும் இல்லை. பெய்துகொண்டிருக்கும் மழை சுத்தமானது. பெய்து முடிந்து கிடக்கும் மழைதான் அழுக்கு. எங்கள் ஆட்களோ மழை பெய்யும்போது உள்ளே நின்றுவிட்டு, விட்டதும் குளம் கட்டிய வீதியில் செருப்போடு இறங்கி நடக்கிறார்கள்.

தண்ணீர் மூடிய வீதியில் இன்னொரு வில்லங்கம் வடிகான். எங்கள் பக்கத்து வீதிகள் பலவற்றில் வடிகானுக்கு மேல் போட்ட கொங்கிறீட் மூடி அங்கங்கே காணாமல் போயிருக்கும். வெயில் காலத்தில் தாண்டிப் போகலாம். வெள்ளம் மட்டம் கட்டி நிற்கும்போது எது வீதி, எது ஓட்டை என்று தெரியாது. ஆகவே கோடையிலேயே என் பாதையில் எந்தெந்த இடத்தில் மூடி இல்லை என்று மனப்பாடம் செய்துகொள்வேன். பள்ளிக்கூட மதிலடியில் ஒன்று. தையல் கடைக்கு முன்னால், யாரோ ஒரு புண்ணியவான் வாழைக் குற்றியை நட்டு அடையாளம் வைத்த ஒன்று. பிள்ளையார் கோயில் திருப்பத்தில் பலகை போட்டு மூடிய ஒன்று. அந்தப் பலகையும் இந்த முறை வெள்ளத்தோடு போய்விட்டது.

தண்ணீர் ஓடுகிற வீதிக்கு விதி இதைவிடக் கண்டிப்பானது: இறங்கக் கூடாது. உன்னிச்சைக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தால் வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் ஓடப் போகும் எண்ணத்தை அத்தோடு மறந்துவிட வேண்டும். முழங்கால் அளவு தண்ணீர்தானே என்று தோன்றும். ஓடுகிற தண்ணீருக்கு அந்த அளவே போதும், ஆளைச் சாய்த்துவிடும். 2024 நவம்பர் இறுதியில் அம்பாறை மாவட்டத்தில் காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடையில் வெள்ளம் பாய்ந்த வீதியில் உழவு இயந்திரம் ஒன்றே அடித்துச் செல்லப்பட்டு, மத்ரசா மாணவர்கள் உயிரிழந்தார்கள். உழவு இயந்திரத்தைப் புரட்டிய தண்ணீருக்கு ஓட்டக்காரி எம்மாத்திரம்? வெள்ளம் ஏறினால் வாவியை விட்டு முதலைகள் குடிமனைப் பக்கம் வருவதும் எங்கள் பத்திரிகைகளில் மாரிதோறும் வரும் செய்திதான்.

இடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் இடிமின்னல் அதிகம் விளையாடுவது பருவங்கள் மாறுகிற ஐப்பசி, கார்த்திகையிலும் பங்குனி, சித்திரையிலும்தான். அதுவும் பெரும்பாலும் பின்னேரங்களில். மார்கழி, தை மழை பெரும்பாலும் சத்தமில்லாமல் நாள் முழுக்க நின்று பெய்யும். ஆகவே மாரியின் முன்பாதியில் பின்னேர ஓட்டத்தைக் கைவிட்டுக் காலைக்கு மாறிவிடுவேன். மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குவது பிள்ளைக்காலப் பழக்கம். ஒலி மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீற்றர் வரும், முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் பத்துக் கிலோமீற்றருக்குள் மின்னியிருக்கிறது. உடனே கூரைக்குக் கீழே போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் போகும்வரை வெளியே வரக் கூடாது. கூரை என்றால் வீடோ கடையோ, சுவரும் கதவும் உள்ள கட்டடம். பஸ் தரிப்பிடமும் தென்னை மரத்தடியும் கணக்கில் வராது. வாவிக்கு நடுவில் பாலத்தில் நிற்கிறவருக்கு அரைமணி நேரம் என்பது நீண்ட நேரம்தான், ஆகவே வானம் உறுமுகிற நாளில் பாலத்தில் ஏறுவதே இல்லை.

அம்மாவின் இரண்டாவது வாதத்துக்கு என்னிடம் பதில் கிடையாது. அவருக்கு மழையைவிடக் காற்றுத்தான் பயம். 1978 நவம்பர் 23 இரவு சூறாவளி மட்டக்களப்பைச் சுழற்றி அடித்தபோது அம்மா இளம் பெண். ஒரு பக்கமிருந்து அடித்த காற்று திடீரென்று நின்றதையும், எல்லாம் முடிந்தது என்று வெளியே வந்தவர்களை மறு பக்கமிருந்து வந்த காற்று பிடித்துக்கொண்டதையும், விடிந்தபோது தென்னந்தோப்புகள் தலையில்லாமல் நின்றதையும் இன்றைக்கும் நேற்று நடந்தது போலச் சொல்வார். அந்தத் தலைமுறையில் யாரும் காற்று அடிக்கும்போது தென்னைக்குக் கீழே நிற்க மாட்டார்கள். நாவற்குடாவிலிருந்து கடற்கரை வரை ஒழுங்கைகள் முழுக்கத் தென்னை. சாதாரண வாடைக்கே காய்ந்த மட்டை 'சர்' என்று இறங்கும். அதன் அடிக்கட்டை தலையில் பட்டால் தையல் போட வேண்டியதுதான். தேங்காய் விழுந்தால் சொல்லவே வேண்டாம். ஆகவே விடியற்காலையில் அம்மா யன்னலைத் திறந்து ஓலைகளின் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "இன்றைக்குப் போக வேண்டாம்" என்றால் நான் எதிர்த்துப் பேசுவதில்லை. வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலை அதற்குப் பிறகுதான் பார்ப்பேன். பெரும்பாலும் இரண்டும் ஒத்துப்போகும்.

இதுவரை சொன்னதெல்லாம் ஆண் பெண் எல்லோருக்கும் பொதுவான கணக்கு. பெண் ஓடினால் இன்னும் சில கணக்குகள் இருக்கின்றன. ஜனவரியில் இங்கே சூரியன் ஆறு இருபதுக்குத்தான் எழும்பும். சமைத்து, பிள்ளையை அனுப்பி, எட்டரைக்கு அலுவலகத்தில் கையெழுத்து வைக்க வேண்டியவள் இருட்டில் புறப்பட்டால்தான் உண்டு. மாரியில் வீதி வெறிச்சோடிக் கிடக்கும். முறைத்துப் பார்க்கும் கண்கள் குறைவு, அது லாபம். கூப்பிட்டால் கேட்கும் காதுகளும் குறைவு, அது நட்டம். மார்கழியில் திருவெம்பாவை நடக்கிற பத்து நாளும் எனக்குப் பெருநாள், ஏனென்றால் நான்கு மணியிலிருந்தே கோயில்களில் ஒலிபெருக்கியும் சங்கும் சேமக்கலமும் கேட்கும், தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கும். மற்ற நாள்களில் அடுத்த வீட்டு அக்கா சைக்கிளில் கூடவே வருவார். ஒரு கையில் கைபிடி, மறு கையில் குடை. குடை காற்றில் மல்லாந்தால் சைக்கிளை நிறுத்தாமலே காற்றுக்கு நேரே திருப்பி 'டப்' என்று சரிசெய்துகொள்வார். அதோடு என் வேகத்துக்குக் கருத்தும் சொல்வார். "இந்த வேகத்தில் நான் மிதித்தால் சைக்கிள் விழுந்துவிடும் தங்கச்சி" என்பது அவருடைய வழக்கமான ஊக்குவிப்பு.

உடுப்பு அடுத்த கணக்கு. கனடாவில் உடுப்பு குளிருக்காக. இங்கே மழைக்கால உடுப்பைத் தீர்மானிப்பது நனைந்த துணி உடம்பில் ஒட்டுவதும் அதைப் பார்க்கிறவர்களும்தான். பருத்தி ரீசேட் நனைந்தால் ஒரு கிலோ கனத்தோடு தொங்கும், ஒட்டும், அக்குளில் உரசித் தோலைக் கிழிக்கும். கரு நிறத்தில், தொளதொளவென்று, சீக்கிரம் காய்கிற விளையாட்டுத் துணியும் அதற்கு மேல் மெல்லிய மழைச் சட்டையும் போட்டுக்கொள்கிறேன். அந்தச் சட்டைக்குள் வியர்த்து எப்படியும் நனைந்துதான் போகிறேன். மழையைத் தடுக்க அது உதவாது. கண்களைத் தடுக்க உதவுகிறது. தொடை, அக்குள், குதிக்கால் மூன்றிலும் வாசலைன் தடவிக்கொண்டால் குளிக்கும்போது கத்த வேண்டி வராது. கரு உடுப்பு இருட்டில் சாரதிகளுக்குத் தெரியாது என்பதால் மினுங்கும் பட்டி ஒன்றைத் தோளில் குறுக்காகக் கட்டிக்கொள்கிறேன். இதையெல்லாம் மீறி மாடுகள் இருக்கின்றன. மழை நாளில் வயலும் வளவும் சேறாகிவிட்டால் கட்டாக்காலி மாடுகளுக்குப் பிரதான வீதிதான் படுக்கையறை. தார் கொஞ்சம் மேடு, கொஞ்சம் உலர்வு. இருட்டில் கறுப்புப் பசு ஒன்று அசை போட்டுக்கொண்டு படுத்திருப்பதை ஐந்து அடி தூரத்தில்தான் காண முடியும், அதுவும் அது பெருமூச்சு விட்டால்.

காத்தான்குடியில் இருக்கும் தோழி ஒருத்தி என் வாதத்தையெல்லாம் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "வெளியே ஓடுவதா, உள்ளே ஓடுவதா என்பது உன் கேள்வி. எனக்கு ட்ரெட்மில்லில் பெண்கள் நேரம் கிடைக்குமா, கிடைக்காதா என்பதுதான் கேள்வி" என்றாள். மாரியோ கோடையோ, அவள் பெண்களுக்கென்று ஒதுக்கிய இரண்டு மணி நேரத்துக்குள்தான் ஓடுகிறாள். என்னைவிட வேகமாக ஓடுகிறாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ட்ரெட்மில்லைப் பற்றி நான் இளக்காரமாகப் பேசும்போதெல்லாம் அவள் முகம் நினைவுக்கு வந்து வாயை அடைத்துவிடும்.

இளக்காரமாகப் பேச முகாந்திரம் இல்லாமலும் இல்லை. 1818இல் இங்கிலாந்தில் வில்லியம் கியூபிற் என்ற பொறியியலாளர் சிறைக்கைதிகளுக்கு வேலை கொடுப்பதற்காக வடிவமைத்த மிதி உருளைதான் இதன் மூதாதை. கைதிகள் மணிக்கணக்காக ஏறிக்கொண்டே இருப்பார்கள், எங்கேயும் போய்ச் சேர மாட்டார்கள். இன்று அதையே நாங்கள் மாதச் சந்தா கட்டிச் செய்கிறோம். ஆனால் இந்த ட்ரெட்மில் பட்டியை நம்பி ஓடி உலகத்தை வென்றவர்களும் உண்டு. நோர்வேயின் இங்கிரிட் கிறிஸ்டியன்சன் பனிக்காலப் பயிற்சியில் பெரும் பங்கை ட்ரெட்மில்லில் செய்தவர். 1985இல் லண்டன் மரதனில் 2 மணி 21 நிமிடம் 6 வினாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். அலாஸ்காவில் மருத்துவராக இருந்த கிறிஸ்டின் கிளார்க்கின் கதை இன்னும் சுவையானது. வெளியே பனியும் இருட்டுமாக இருந்ததால் குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள் ட்ரெட்மில்லில் ஓடிவிட்டு, 2000 பெப்ரவரியில் தென் கரோலினாவில் நடந்த அமெரிக்க ஒலிம்பிக் தெரிவு மரதனுக்குப் போனார். அன்றைக்கு எதிர்பாராத வெக்கை. மற்றவர்கள் வாடிப்போக, யாரும் எதிர்பார்க்காத அவர் முதலாவதாக வந்து சிட்னிக்குத் தெரிவானார். சூடான அறைக்குள் ஓடிப் பழகியது அவருக்குக் கைகொடுத்தது என்று பலரும் சொன்னார்கள்.

இந்தக் கதையை எங்கள் உடற்பயிற்சி நிலையத்தில் ஒரு பயிற்றுநர் எனக்கு எதிராகப் பயன்படுத்தினார். ஆனால் யோசித்துப் பாருங்கள். அலாஸ்காக்காரிக்கு இல்லாத சூட்டை ட்ரெட்மில் அறை கொடுத்தது. எங்களுக்குச் சூட்டில் என்ன குறை? மாரியில் அந்த அறையின் யன்னல்களைச் சாரல் அடிக்கும் என்று மூடிவிடுவார்கள். பதினைந்து பேர் மூச்சு விடுகிற அறை. கண்ணாடியில் ஆவி படிந்து வெளியே வாவி தெரியாது. பட்டியில் ஓடும்போது நாங்கள் காற்றைக் கிழித்துக்கொண்டு முன்னே போவதில்லை, ஆகவே உடம்பைத் தடவிச் செல்லும் காற்றும் கிடையாது. வெளியே 24 பாகையில் இலவசமாகக் கிடைப்பதை விட்டுவிட்டு, உள்ளே 29 பாகையில் காசு கொடுத்து வியர்க்கிறோம். நுளம்பும் மழைக்கு ஒதுங்க உள்ளேதான் வந்திருக்கும்.

அதே நேரம், ட்ரெட்மில்லில் ஓடுவது ஏமாற்று ஓட்டம் என்று சொல்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. காற்றின் எதிர்ப்பு இல்லாததால் சற்று இலகுவாக இருக்கும் என்பது உண்மை. 1996இல் ஜோன்ஸ், டவுஸ்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள், பட்டியை ஒரு சதவீதம் உயர்த்திவிட்டால் வெளியே ஓடும்போது செலவாகும் சக்தியோடு சரிவரும் என்று அளந்து காட்டினார்கள். ஆனால் அது நல்ல வேகத்தில் ஓடுகிறவர்களுக்கு. என்னைப் போல மெதுவாக ஓடுகிறவர்கள் எதிர்கொள்ளும் காற்றெதிர்ப்பே அற்பம், உயர்த்தினாலும் ஒன்றுதான், விட்டாலும் ஒன்றுதான். வேகத்தைக் கட்டுப்படுத்தி ஓட வேண்டிய நாளில், காய்ச்சல் விட்ட வாரத்தில், கால் மூட்டு முணுமுணுக்கும்போது பட்டி நல்ல துணை. எங்கே நின்றாலும் வீட்டுக்குப் பக்கத்தில்தான் நிற்போம். மின்சாரம் மட்டும் எங்கள் கையில் இல்லை. பொருளாதார நெருக்கடி உச்சத்தில் இருந்த 2022 மார்ச் இறுதியில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு வந்தபோது அந்த இயந்திரங்களில் துவாய்தான் காய்ந்தது. இப்போதும் மாரிக் காற்றில் எங்கேயாவது மரம் கம்பியில் விழுந்தால் பட்டி நின்றுவிடும். விழுந்தால் பட்டியை நிறுத்திவிடும் பாதுகாப்புச் சாவியின் கயிற்றைச் சட்டையில் கொளுவாமல் ஏறுகிறவர்களைக் கண்டால் நான் பெரிய மனுஷி மாதிரி அதட்டுவேன்.

ஆக, விடியற்காலை ஐந்து மணிக்கு நான் முடிவெடுப்பது இப்படித்தான். முதலில் காது: தகரக் கூரையில் மழைச் சத்தமா, ஓலையில் காற்றுச் சத்தமா? மழை என்றால் பிரச்சினை இல்லை. பிறகு கண்: வீட்டு முன் மதகில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது? மதகின் வாய் தெரிந்தால் பிரதான வீதி ஓடக்கூடியதாக இருக்கும், மூடியிருந்தால் ஒழுங்கைகள் எல்லாம் போய்விட்டன என்று அர்த்தம். முகத்துவாரத்தை வெட்டிவிட்டார்கள் என்ற செய்தி வந்திருந்தால் இரண்டொரு நாளில் வடிந்துவிடும் என்று காத்திருப்பேன். வாவித் தண்ணீர் கடலுக்குப் போக வழி கிடைத்தால்தான் எங்கள் வீதிகளுக்கு விடிவு. கடைசியாகத் தெருவிளக்கு. விளக்கு வெளிச்சத்தில் மழைக் கோடுகள் நேராக விழுந்தால் பாலத்துக்கு, சரிந்து விழுந்தால் பாலத்தை விட்டுக் கட்டடங்கள் மறைக்கும் பிரதான வீதியில் ஓடிவிட்டுத் திரும்புவேன். விளக்கே எரியாவிட்டால் அக்காவின் சைக்கிளுக்காகக் காத்திருப்பேன். அக்காவும் வராவிட்டால் அன்றைக்கு உள்ளேதான். உள்ளே என்றால் எப்போதும் ட்ரெட்மில் என்று இல்லை. கூடத்தில் பாயை விரித்து, கயிறு அடித்து, படியில் ஏறி இறங்கி முடித்துவிடுவதும் உண்டு.

இரண்டு சோடிச் சப்பாத்து வைத்திருப்பது மாரியில் ஆடம்பரம் இல்லை, தேவை. ஒன்று காய்வதற்கு இரண்டு நாளாகும். உள்தகட்டைக் கழற்றிவிட்டு, பழைய பத்திரிகையைக் கசக்கித் திணித்து, குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் சூடு வரும் இடத்தில் வைப்பேன். ஒரு மணி நேரத்தில் தாளை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் ஈரம் தாளிலேயே தங்கி நாறத் தொடங்கிவிடும். வெயில் வந்ததும் கொண்டுபோய் நடு முற்றத்தில் வைக்கிறவர்களுக்கு அடிப்பாகத்தின் பசை விட்டுவிடும். நிழலில் காற்றோட்டமாக வைப்பது நல்லது.

சித்திரை முடிந்து கச்சான் தொடங்கும்போது நான் உடற்பயிற்சி நிலையத்துக்குப் போய் நான்கு மாதச் சந்தாவை மொத்தமாகக் கட்டுவேன். அந்த நேரம் அங்கே ஆளே இருக்காது. யன்னல்கள் எல்லாம் திறந்திருக்கும், பெரிய மின்விசிறி எனக்கு மட்டுமே சுழலும். எல்லோரும் மழைக்கு ஒதுங்க வருகிறார்கள், நீங்கள் மட்டும் வெயிலுக்கு ஒதுங்க வருகிறீர்களே மெடம் என்று உரிமையாளர் ஒவ்வொரு வருடமும் கேட்பார். ஆள் இல்லாத காலத்துக்குச் சந்தாவில் கழிவு கேட்டுப் பார்த்தேன், இன்னும் தரவில்லை.